நோன்பு நாளில் பொரித்த கோழி

நோன்பு மாதத்தில் பகலில் சாப்பிட முத்தலிபுக்கு உரிமை இருந்தது. சிறுநீரகம் இரண்டும் பாதிக்கு மேல் கெட்டுவிட்டன, நோன்பு பிடிக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதே டொக்டர் உப்பையும் கடைப் பொரியலையும் தொடக் கூடாது என்றும் சொன்னார். முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்வதில் முத்தலிப் கெட்டிக்காரர்.

தமிழாட்கள் இருக்கும் அன்புவழிபுரத்துப் பக்கம் ஒரு பொரித்த கோழிக் கடை. நோன்பு நாளில் நம்முடைய ஆட்கள் யாரும் அங்கே தலைகாட்ட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டார். துறைமுகத்தடி ஹாட்வெயார் கடையில் வேலை; வீட்டில் ஒரு அலுவல் என்று சொல்லிவிட்டு வந்து இங்கே உட்கார்ந்துவிட்டார். கோழி, உருளைக்கிழங்குப் பொரியல், கோலா. இரண்டாவது துண்டைக் கடிக்கும்போது, வீடுகளுக்குக் கொடுக்கும் பார்சலை எடுத்துப்போக ஹெல்மெட்டோடு உள்ளே வந்தவன் பக்கத்து வீட்டு முனாஸ்.

"காக்கா, நோன்பு நாளையில இதென்ன வேலை?" என்றான் மெதுவாக.

நோயாளி என்று சொன்னால் போதும், நோன்பை விட்ட பழி போய்விடும். சொல்ல வாயெடுத்தவர் தட்டைப் பார்த்தார். நோயாளி தின்கிற தீனியா இது? அதோடு, மகள் ரிஸ்லாவின் கலியாணப் பேச்சு முடியும்வரை இந்த நோயை யாருக்கும் சொல்வதில்லை என்று மனைவி ஸுல்பிகா கட்டுப்பாடாக இருக்கிறாள்.

"பசி தாங்க ஏலாமப் போச்சு, தம்பி," என்றார். வெட்கத்தில் காது சுட்டது. வளர்ந்த பிள்ளைக்குத் தகப்பன், இப்படி ஒரு பெயர்.

மீதியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். முனாஸ் முந்திவிட்டான். ஸுல்பிகா குசினியில் போனும் கையுமாக நின்றாள். தான் நோன்போடு இருந்துகொண்டு அவருக்கென்று அவள் உப்பில்லாமல் அவித்து வடித்த மரக்கறி இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"முனாஸ், பாத்துக் கதையுங்க. அவருக்குக் கிட்னி பழுது, நோன்பு பிடிக்க ஏலாது. ஊருக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்ல. ஆனா நான் அவிச்சுக் குடுக்கிறதத் தவிர வெளியில ஒண்டும் அவர் வாயில வைக்கிறல்ல. நீங்க வேற ஆரையோ கண்டிருக்கிறீங்க. நோன்போட பொய் சொல்லாதீங்க."

முத்தலிப் கூனிக் குறுகிப் போனார். மகளுக்காகப் பொத்திப் பொத்தி வைத்ததை இவருடைய மானத்துக்காக ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பிவிடலாம். முனாஸ் பொய்யனாகிவிடுவான், அவ்வளவுதான்.

அவள் சோற்றைப் போட்டு மரக்கறியை வைத்தாள். "இருந்து சாப்பிடுங்க. ஊர்க் கதைக்கு மனசப் போடாதீங்க."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"முனாஸ் கண்டது என்னைத்தான்," என்றார். "கோழி தின்னனான். இது முதல் தரமுமில்ல."

ஸுல்பிகா கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"தம்பி முனாஸ், நீங்க பொய் சொல்லல்ல. நான்தான் பிழையாக் கதைச்சிட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க."

போனை வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பாராமலே சொன்னாள்:

"ரிஸ்லாட்ட நீங்களே சொல்லுங்க, நான் ஏன் இந்த நோய ஊருக்குச் சொன்னனான் எண்டு."