இன்ஸ்பெக்டர் போட்ட புளியங்கொட்டை

திருமங்கலத்துக்கு மேற்கே இருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்த அன்று, ஓட்டின் மேலிருந்த காக்கைகூடக் கைகட்டி உட்கார்ந்திருந்தது. நாலாம் பாரத்துக்குக் குடிமைப் பாடம் எடுத்த வெள்ளைத்துரைக்கு உள்ளங்கையில் வைகையே ஓடியது. ஒன்றரை வருஷமாகத் தற்காலிக வாத்தியார். இன்ஸ்பெக்டர் நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பழையபடி சிம்மக்கல் மண்டியில் மூட்டை எண்ண வேண்டியதுதான்.

முப்பத்தேழாம் வருஷம். ஊரெல்லாம் கலர் பெட்டிகளில் ஓட்டுப் போட்டு முடித்திருந்தது. வெள்ளைத்துரையும் வகுப்புத் தலைவர் தேர்தல் வைத்தார். கரும்பலகைக்குப் பின்னால் இரண்டு பானைகள்: மஞ்சள் பூசியது வீரணனுக்கு, சுண்ணாம்பு பூசியது சின்னானுக்கு. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை.

"யாருக்குப் போட்டோம்னு பெத்த தாய்கிட்டயும் சொல்லக்கூடாது. கேக்க எவனுக்கும் உரிமை கிடையாது" என்று ஒரு வாரமாக ஓதியிருந்தார்.

வீரணனின் அப்பா பள்ளிக் கமிட்டித் தலைவர். இன்ஸ்பெக்டருக்கு மதியச் சாப்பாடு அவர் வீட்டில். அதற்காக ஏழு ஊர்ச் சேவல்கள் விடியுமுன்பே உயிரை விட்டிருந்தன. கூலிக்காரர் மகன் சின்னானிடம் இருந்தது ஒரே வாக்குறுதி: "தண்ணிப் பானைகிட்ட ரெண்டு குவளை வேணாம். எல்லாருக்கும் ஒண்ணு."

முப்பத்திரண்டு பையன்களும் போட்டு முடித்ததும், "அய்யாவும் ஒண்ணு போடுங்க!" என்று முன்வரிசைப் பையன் காளை ஒரு கொட்டையை நீட்டினான். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே பலகைக்குப் பின்னால் போனார். வெளியே வர ஒரு யுகம் ஆயிற்று.

வந்ததும் சோதனையைத் தொடங்கினார்.

"தம்பி, நீ யாருக்குப் போட்டே?"

"சொல்லமாட்டேங்கய்யா" என்றான் காளை.

தலைமையாசிரியரின் தலைப்பாகை தானாக அவிழ்ந்தது.

"வாத்தியாரே, அவனைச் சொல்லச் சொல்லும்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெள்ளைத்துரையின் கண்முன்னே சிம்மக்கல் மூட்டைகள் அத்தனையும் வரிசை கட்டி நின்றன.

"அய்யா... அவன்கிட்ட கேக்க எனக்கே உரிமை இல்லீங்க. நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அப்படியா? அதையே ரிப்போர்ட்டில் எழுதுகிறேன்!"

"கோவிச்சுக்கிறாதீங்கய்யா" என்றான் காளை. "நீங்களும்தான போட்டீங்க? யாருக்குன்னு சொல்லுங்க, நானும் சொல்றேன்."

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார். இடப்பக்கம் வீரணன். அரை மைல் தாண்டிக் கோழிக்குழம்பு வாசம் வந்து மூக்கைத் தொட்டது. வலப்பக்கம் சின்னான், கண் கொட்டாமல். திறந்த வாய் மெல்ல மூடிக்கொண்டது.

"அது... ரகசியம்ப்பா."

சிரிப்பில் நாற்பது ஓடுகள் சரிந்தன.

கொட்டைகளை எண்ணினார்கள். சின்னான் பதினேழு, வீரணன் பதினாறு.

"ஒத்த ஓட்டு! எவன்டா அவன்?" என்றான் வீரணன். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் அதிலும் உச்சி ஓட்டைப் பார்த்தார்.

பிறகு எழுதினார்: 'பாடம் மாணவர்களுக்கு நன்றாகவே பதிந்திருக்கிறது. கொஞ்சம் கூடுதலாகவே. ஆசிரியரை நிரந்தரமாக்கலாம்.'

அவர் விருந்துக்குக் கிளம்பியதும் சின்னான் ஒரு குவளையை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினான். மற்றதில் தண்ணீர் மொண்டு முதலில் வாத்தியாருக்குக் கொடுத்தான். வெள்ளைத்துரை ஒரே மூச்சில் குடித்தார், கல்கண்டாக இனித்தது. அடுத்து காளை. வீரணன் கொஞ்ச நேரம் முறைத்தபடி நின்றான். அப்புறம் கையை நீட்டினான்.

"இங்கிட்டும் குடு மாப்ள. தோத்தவனுக்குத்தான் தாகம் சாஸ்தி."