மிச்சம் எட்டுச் சோப்பு

பானுமதி காஸ்டிக் சோடா டப்பாவைத் திறந்தாளென்றால் வீட்டில் ஒருவரும் குறுக்கே நடக்கக் கூடாது. தாராவியில் அவர்கள் இருந்தது ஒற்றை அறை வீடு; குறுக்கே நடக்காமல் எங்கே போவது என்று கேட்டால் அதற்கும் திட்டு விழும். கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, நைட்டிக்கு மேலே பழைய ரெயின்கோட்டு. கதவையும் சன்னலையும் விரியத் திறந்து வைப்பாள். தண்ணீரில்தான் சோடாவைக் கொட்ட வேண்டும். சோடாவில் தண்ணீரைக் கொட்டினால் மூஞ்சியில் சீறும். அலுமினியப் பாத்திரம் பக்கத்திலேயே வரக் கூடாது. இதையெல்லாம் நாத்தனார் கலைச்செல்விக்குச் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும்படி செய்திருந்தாள். அவ்வளவு சொன்னவள் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டாள். எதையும் தராசில் எடை போட்டே பழகியதால், அளக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஆர்டர் மாட்டுங்காவிலிருந்து வந்தது. ஒரு வருஷமாக அவளுடைய கரிச்சோப்பை வாங்குகிற சுஷ்மா, வங்கியில் வேலை பார்க்கிறவள். அவளுடைய அப்பா அனந்தகிருஷ்ணனுக்கும் அம்மா நாகலக்ஷ்மிக்கும் அறுபதாம் கல்யாணம். தாம்பூலப் பையில் தேங்காய் வெற்றிலையோடு ஆளுக்கொரு கரிச்சோப்பு, மொத்தம் நூற்றிருபது. அதுவரை ஒரே தடவையில் இருபதுக்கு மேல் பானுமதி போட்டதில்லை. இது நல்லபடியாக அமைந்தால் மாட்டுங்கா, செம்பூர் கல்யாண வீடெல்லாம் தன்னைத் தேடி வரும் என்று ஆசைப்பட்டாள். ஆசைப்படாமல் எப்படி இருப்பாள்?

சோப்பு போடுகிற அன்றைக்குப் பார்த்து தராசு செத்துவிட்டது. நல்ல நேரம் பார்த்து அடுப்பில் எண்ணெயை வேறு ஏற்றியாயிற்று. எவர்சில்வர் டம்ளர் ஒன்றுக்கு எத்தனை கிராம் சோடா பிடிக்கும் என்று முன்பே எடை பார்த்து வைத்திருந்தது நினைவு வந்தது. "ஆறு டம்ளர் அளந்து தண்ணியில போடு கலை, பார்த்து" என்று சொல்லிவிட்டு, சிரட்டைக் கரிப்பொடி கட்டி தட்டாமல் எண்ணெயில் கிண்டிக்கொண்டிருந்தாள்.

கலைச்செல்வியின் அப்பா அரிசிக் கடை வைத்திருந்தவர். அந்தக் கடையில் படியைத் தலைதட்டி அளந்ததே கிடையாது. குவித்துத்தான் அளப்பார், தட்டி அளந்தால் லட்சுமி தங்க மாட்டாள் என்று நம்பிய மனிதர். பள்ளிக்கூடம் போனதைவிட அந்தப் படியைப் பிடித்து வளர்ந்ததுதான் அவர் மகளுக்கு அதிகம். ஆறு டம்ளரையும் கோபுரமாகக் குவித்துப் போட்டாள். மங்கல காரியத்துக்குப் போகிறது, குறைவாக இருக்கலாமா என்று நினைத்தாளாம்.

அப்போதும் தப்பித்திருக்கலாம். ஒவ்வொரு தடவையும் சோப்பு இறுகியதும் பானுமதி நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பாள். சோடா மிஞ்சியிருந்தால் பேட்டரியைத் தொட்டதுபோல் சுரீரென்று இழுக்கும். இந்தத் தடவை அவள் தொடவில்லை. சாமி முன்னால் வைத்துக் கொடுக்கிற தாம்பூலம், அதில் போய் எச்சில் படலாமா? ஒரு துண்டை நறுக்கித் தனியே வைத்துப் பார்த்திருக்கலாம். ஒரு மூலையில் நாக்குப் பட்டால் அந்தப் பாளமே எச்சில் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. நாலு வாரம் காய்ந்தபோது கறுப்புக்கு மேலே வெள்ளையாகப் பூத்தது. காற்றுப் பட்டால் பூக்கிறதுதான் என்று துடைத்து, தாளில் சுற்றி, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அறுபதாம் கல்யாணத்தன்று மதியம் ஒரு மணிக்கு, சோப்பு வெட்டியதில் மிஞ்சிய சீவல்களை உருட்டிக் கைகழுவிய கலைச்செல்வி கையை உதறிக்கொண்டு நின்றாள்.

"மதினி, கை எரியுது."

உள்ளங்கை இரண்டும் சிவந்து, விரல் நுனியில் தோல் வழுவழுவென்று கழன்றிருந்தது. பானுமதி டிரம்மைத் திறந்து மக்கு மக்காகத் தண்ணீரை ஊற்றினாள். பிறகு அந்தச் சீவலை எடுத்து நாக்கில் வைத்தாள். வைத்த வேகத்தில் துப்பினாள்.

"ஏட்டி, ஆறு டம்ளர்தான போட்ட?"

"ஆறுதான் மதினி. எண்ணித்தான் போட்டேன்."

"எப்படிப் போட்ட? அரிசியில அளந்து காட்டு."

கலைச்செல்வி டம்ளரை அரிசியில் முக்கி எடுத்தாள். விளிம்புக்கு மேலே குவிந்து, சரிந்து, தரையில் சிந்தியது. பானுமதிக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் தராசு செத்த அன்றைக்கே வேலையை நிறுத்தியிருக்க வேண்டியவள் தான்தான் என்று அவளுக்குத் தெரியும்.

"பேசாம இருந்துருவோம் மதினி" என்று கலைச்செல்வி அழுதாள். "எல்லாம் வசதியான ஆளுக. எரிஞ்சா தூரப் போட்டுருவாங்க. வெளிய சொன்னா இனி யாரு நம்மகிட்ட வாங்குவா?"

"கண்ணுல பட்டா கண்ணே போயிரும்ட்டி" என்றாள் பானுமதி. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

மண்டபத்தில் கடைசிப் பந்தி நடந்துகொண்டிருக்க, பை வைத்திருந்த மேசை காலியாகக் கிடந்தது. சுஷ்மாவை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"இன்னிக்குப் போய் இதைச் சொல்றியே" என்றாள் சுஷ்மா. "அப்பா இப்போதான் சாப்பிட உக்காந்திருக்கார். நாளைக்குக் காலம்பற குரூப்ல மெசேஜ் போட்டுடறேன்."

"இன்னிக்குச் சாயந்தரமே யாராச்சும் குளிச்சா என்ன செய்வீங்க மேடம்?"

"மெதுவாப் பேசு. சம்பந்தி மனுஷா எல்லாம் இருக்கா."

"நீங்க சொல்லலன்னா நான் மேடையில ஏறி மைக்குல சொல்லிருவேன்."

சுஷ்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்த ஒரு பார்வையோடு மாட்டுங்காவும் போயிற்று, செம்பூரும் போயிற்று. ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, காரியத்தில் இறங்கிய பிறகு சுஷ்மா சுணங்கவில்லை. அவள் கணவன் கௌசிக் விருந்தினர் பட்டியலை எடுத்துக்கொண்டான். இருவரும் ஆளுக்குப் பாதியாகப் போன் போட்டார்கள். பந்தியில் இருந்தவர்கள் பையைத் திருப்பிக் கொடுத்தார்கள், ரயிலில் பாதி வழி போனவர்கள் அங்கேயே தூர எறிந்துவிட்டதாகச் சொன்னார்கள், மாஹிம் வரை போன கார் ஒன்று திரும்பி வந்தது. நாலு மணிக்குக் கௌசிக் கடைசிப் பெயரையும் அடித்தான்.

"முடிஞ்சது. லிஸ்ட்ல இருக்கற அத்தனை பேரையும் பிடிச்சாச்சு. ஒருத்தர்கூட யூஸ் பண்ணலை" என்றான்.

பானுமதி பட்டியலை வாங்கிக்கொண்டாள். தரையில் உட்கார்ந்து, வந்ததையும் எறிந்ததையும் சேர்த்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"நூத்திப் பன்னெண்டுதான் வருது சார். நான் குடுத்தது நூத்திருபது."

சுஷ்மாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "மீந்த பை எட்டையும் அம்மா பாத்திரம் தேய்க்க வந்தவாளுக்குக் கொடுத்துட்டா. அவா ஒரு மணிக்கே போயாச்சே."

"அவங்க நம்பரு?"

"அவா பேரெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்?"

அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் பானுமதியைச் சுட்டது. ஒரு மணிக்குப் போனவர்கள். மூன்று மணி நேரமாக அவர்களை யாரும் தேடவில்லை. இவளும்தான் தேடவில்லை.

சமையல் காண்டிராக்டர் பூலோகத்தைப் பிடித்தாள். எட்டுப் பேரும் ஆண்டாப் ஹில்லில் ஒரே சந்து என்றும், நூர் நிஷா என்பவளுக்குத்தான் போன் இருக்கிறது என்றும் அவர் சொன்னார். பானுமதி உடனே போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். நூர் நிஷா கெட்டிக்காரி. பானுமதி டாக்சியில் போய் இறங்குவதற்குள் ஏழு சோப்பைத் தாள் பிரிக்காமல் வாங்கி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு சந்து முனையில் காத்திருந்தாள்.

"பார்வதியம்மா வீடுதான் பாக்கி. இங்கருந்து நாலாவது கதவு. இப்பத்தான் அங்க போகக் கிளம்புனேன்" என்றாள்.

பார்வதியம்மாள் வாசலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். சோப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் பதறி எழுந்தாள்.

"கல்யாண வீட்டுப் பெரியம்மா அவங்க கையாலதான் குடுத்தாங்க தாயி. நான் கேக்காம எடுக்கல."

உள்ளே பாயில் அவளுடைய பத்து வயதுப் பெண் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு சுருண்டு கிடந்தது. முனகக்கூடத் தெம்பில்லாத முனகல். பானுமதி துணியை எடுத்தாள். இமை இரண்டும் வீங்கி மூடியிருந்தன, நெற்றியெல்லாம் தோல் வெந்திருந்தது.

"எப்ப தேச்சீங்க?"

"மூணு மணி இருக்கும். எரியுது எரியுதுன்னு கத்துனா. எங்க கை தெனமும் சோடாப்பொடியில எரியுறதுதான? பெரிய வீட்டு சோப்பு, காரமா இருந்தாத்தான் அழுக்குப் போவும், பொறுத்துக்கடின்னு நாந்தான் கையைப் பிடிச்சிக்கிட்டுத் தலையிலயும் மூஞ்சியிலயும் தேச்சேன். அலசத்தான் தண்ணி பத்தல."

தண்ணீர் தண்ணீர் என்று பானுமதி கத்திய கத்தலில் சந்தே திரண்டது. நூர் நிஷா தன் வீட்டு டிரம்மையே உருட்டிவந்தாள். பெண்ணின் தலையை மடியில் சாய்த்து, இமையை விரலால் பிரித்து, பானுமதி தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். பாதி டிரம் தீர்ந்தது. டாக்சியில் ஏறிய பிறகும் ஒரு குடத்தை வைத்துக்கொண்டு ஊற்றினாள். டிரைவர் சீட்டு நனைகிறது என்றான்; அவளைத் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு ஓட்டினான்.

பார்வதியம்மாள் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். முந்தானையில் எதையோ முடிந்து வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் அதை அவிழ்த்து நீட்டினாள். பழைய தாளிலேயே மடித்துச் சுற்றிய சோப்பு.

"ஒரு தடவைதான் தேச்சது தாயி" என்றாள். "திருப்பிக் கேப்பாங்கன்னு தெரியாமப் பிரிச்சிட்டேன். கோவிச்சுக்க வேண்டாம்னு பெரியம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

பானுமதி அதைக் கை நீட்டி வாங்கினாள். இதைச் செய்தவள் நான்தான் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.