இடது கண்: நிழல் மட்டும்

கேன்டீன் சுவரில் பட்டியலை ஒட்டிக்கொண்டிருந்தபோது செல்லோடேப் தீர்ந்துபோயிற்று. கீழ் மூலைகள் இரண்டும் படபடத்தன. டீ டம்ளரின் அடியில் தங்கியிருந்த சர்க்கரையை விரலால் வழித்துத் தடவி அமுக்கினேன்; பிடித்துக்கொண்டது. நல்ல சகுனம் என்று நினைத்தேன். அன்று அது கழன்று குப்பையில் விழுந்திருந்தால் என் சித்தப்பா இன்றும் கல்லூரி பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருப்பார்.

பட்டியல் என்பது நானும் என் வகுப்புத் தோழன் புள்ளியும் வாரம் ஒருமுறை வெளியிட்ட ஒற்றைத் தாள். புள்ளியியலை அவன் பக்தியோடு படித்ததால் அந்தப் பெயர். சொந்தப் பெயரில் கூப்பிட்டால் அவனே திரும்பமாட்டான். வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன்களை ஒரே வளையத்துக்குள் இறக்கிவிட்டு, மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று தீர்ப்புச் சொல்வதுதான் தாளின் வேலை. வெறுங்கையால் குத்திக்கொண்ட காலத்து ஆளுக்கு மீசை என்று பெயர் வைத்திருந்தோம். கறுப்பு வெள்ளைப் படங்களில் காலை மாற்றி மாற்றி வைத்து ஆடியவர் நடனம். எங்கள் அப்பாக்கள் இளைஞர்களாக இருந்தபோது எதிரில் வந்தவர்களையெல்லாம் சமன் செய்தவர் புல்டோசர். மீசையை இந்தக் காலத்துக்குக் கொண்டுவந்தால் அவருக்குப் புரோட்டீன் பவுடர் கொடுக்கலாமா என்று சண்டை போட்டு நானும் புள்ளியும் இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். குத்துச்சண்டை வளையத்தை நாங்கள் இருவருமே நேரில் பார்த்ததில்லை. அது எங்கள் தீர்ப்புகளின் உறுதியைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு வீரருக்கும் உயரம், எடை, கை நீளம், தாடை, கால் என்று கட்டங்கள் போட்டு, கடைசியில் ‘குறை’ என்று ஒரு கட்டம். அது காலியாக இருந்தால் வீரருக்கு அனுமதி இல்லை. குறை இல்லாத ஆளை வைத்துப் போடுவது கணக்கே இல்லை, அது ரசிகர் மன்றம் என்பான் புள்ளி. மீசைக்கு மூச்சு. நடனத்துக்கு அலட்சியம். புல்டோசருக்கு நான்காவது ரவுண்டுக்கு மேல் பொறுமை கிடையாது. கல்லூரியே நின்று படித்ததற்கு அந்தக் கடைசிக் கட்டம்தான் காரணம்.

சாம்பியன்கள் தீர்ந்துபோன ஒரு வாரத்தில்தான் சித்தப்பா ஞாபகம் வந்தார். அந்தக் காலத்தில் அவர் ஹெவிவெயிட். பதினோரு சண்டை, எட்டு வெற்றி. இப்போது ஒன்பது வருடமாக எங்கள் கல்லூரி பஸ் டிரைவர். ஒரு சந்து வந்தால் கழுத்தோடு தோளையும் சேர்த்து முழுசாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அதனால் பையன்கள் வைத்த பெயர் ஆந்தை. அந்தப் பெயரை முதலில் வைத்தது யார் என்று இங்கே எழுதத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். நான்தான்.

மதிய இடைவேளையில் பஸ் ஷெட்டுக்குப் போனேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸை ஸ்டியரிங் மேல் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புல்டோசரும் நீங்களும் மோதினால் என்ன ஆகும் என்று கேட்டேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் டப்பாவை மூடினார்.

“எந்த வயசு புல்டோசர்?”

“உச்சத்துல இருந்தப்போ.”

“அப்போ நானும் உச்சத்துலதான் வருவேன். இல்லன்னா அதுக்குப் பேரு சண்டை இல்ல, அடி.”

அதற்கப்புறம் நான் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இருபது வருடமாக யாராவது கேட்பார்கள் என்று எடுத்து வைத்திருந்தது போல எல்லாவற்றையும் சொன்னார். எடை, கை நீளம், எந்தக் காலை முன்னால் வைப்பார், எந்த விரல் உடைந்து எப்படிக் கூடியது. நான் எழுத எழுத நோட்டை எட்டிப் பார்த்து, கை நீளத்தில் அரை அங்குலம் நானாகச் சேர்த்ததை அடிக்கச் சொன்னார். கடைசிக் கட்டம் காலியாக இருந்ததைப் பார்த்தார். அதன் மேல் விரலை வைத்தார்.

“இடது கண்ணு. மூணாவது சண்டையில போச்சு. நிழல் மட்டும்தான் தெரியும். மிச்சம் எட்டு சண்டையும் ஒத்தக் கண்ணோடதான் ஆடினேன். டாக்டர் சுவத்துல மாட்டியிருக்கிற எழுத்தை வரிசையா மனப்பாடம் பண்ணிட்டுப் போவேன். லைசென்ஸுக்கும் அதேதான்.” டிபன் பாக்ஸின் கொக்கியைத் திறந்து திறந்து மூடினார். “உன் சித்திக்கே தெரியாது. கணக்குன்னா முழுசா இருக்கணுமேன்னு சொல்றேன். உனக்குள்ள வச்சுக்க.”

வைத்துக்கொள்கிறேன் என்றேன். அப்போது உண்மையாகத்தான் சொன்னேன். மறுநாள் புள்ளி குறைக் கட்டம் ஏன் காலி என்று கேட்டான். ஒரு நாள் முழுவதும் ஏதாவது ஒரு பொய்க் குறையை யோசித்தேன். முன்கோபம் என்று எழுதிப் பார்த்தேன், சப்பென்று இருந்தது. அவருக்குக் கோபமே வராது. ‘இடது கண்: நிழல் மட்டும்’ என்று எழுதிப் பார்த்தேன். தாளே நிமிர்ந்து உட்கார்ந்தது. பெயர் போடவில்லை, ‘நம் ஆந்தை’ என்று மட்டும்தான் போட்டிருக்கிறோம் என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாவது ரவுண்டில் புல்டோசர் இடப்பக்கமாக வருகிறார், ஆந்தைக்குத் தெரியவில்லை, ஆட்டம் முடிந்தது. கடைசி வரி: ‘விழுந்த பிறகும் கண் டாக்டர் சுவரின் எழுத்துகளை வரிசை தவறாமல் ஒப்பித்தார்.’ அந்த வரிக்கு நானே தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

போக்குவரத்து மேனேஜர் எங்கள் மூத்த வாசகர். மீசைக் கட்சி. டம்ளரும் கையுமாக வந்து சுவரடியில் நின்று சத்தமாகப் படிப்பார், பக்கத்தில் நிற்பவர்களோடு சண்டைக்குப் போவார். அன்றும் படித்தார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் சத்தம் நின்றது. ஒப்பித்த வரியை இரண்டாம் முறை மனதுக்குள் படித்தார் என்பது உதட்டில் தெரிந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, கேன்டீனின் பின்பக்கம் அழைத்துப் போனார். நல்ல மனிதர். எனக்கு ஒரு கதவைத் திறந்தும் வைத்தார்.

“தம்பி, இது சும்மா நீ கட்டிவிட்டதுதானே?”

ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை போதும். மூன்று வருடமாக நான் எழுதியதில் பாதி கட்டிவிட்டதுதான். முதல்வர் தூக்கத்தில் நடப்பவர் என்று எழுதியிருக்கிறேன்; லைப்ரரியில் புத்தகங்கள் படிக்கப்படாத துக்கத்தில் குண்டாகின்றன என்று எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த நேரம் ஒரு வாசகர் என் தாளைப் பார்த்துப் பொய்தானே என்று கேட்டது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

“எங்க பட்டியல்ல பொய் போடறதில்ல சார்.”

அவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார்.

கல்லூரி சித்தப்பாவைச் சோதனைக்கு அனுப்பிய கண் ஆஸ்பத்திரியில் எழுத்துகள் சுவரில் இல்லையாம். திரையில் மாறி மாறி வந்ததாம். ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்தது. ஒன்பது வருடத்தில் ஒரு கீறல் கூட விழாத வண்டி என்பதால் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஷெட்டில் பஸ் கழுவும் வேலை கொடுத்தார்கள்.

நாற்பத்திரண்டு பிள்ளைகள் போகிற வண்டி, நல்லவேளை இப்போதாவது தெரிந்தது என்று அம்மா சொன்னாள். அப்பாவும் அதையேதான் சொன்னார். புள்ளி ஒரு விபத்துக்கான வாய்ப்பைச் சதவீதத்தில் போட்டுக் காட்டினான். எல்லாம் சரிதான். அந்த நாற்பத்திரண்டு பேருக்காகத்தான் சொன்னேன் என்று நானும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சித்தப்பா என்னிடம் சொன்ன நாளிலிருந்து சுவரில் ஒட்டிய நாள்வரை அதே வண்டியில் நானும் போய் வந்தேன், டிரைவருக்குப் பின் சீட்டில், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு. யாரைப் பற்றியும் கவலைப்பட்டதாக ஞாபகமில்லை. எந்த வரி முதலில், எந்த வரி கடைசியில் என்பது மட்டும்தான் கவலை.

சித்தி மட்டும் திட்டவில்லை. துணி மடித்துக்கொண்டே கேட்டாள். “இத்தனை வருஷம் என்கிட்ட சொல்லாததை உன்கிட்ட எதுக்குடா சொன்னாரு?” பதில் எனக்குத் தெரியும். நான் கேட்டேன், அதனால் சொன்னார். நானும் ஒரு துணியை எடுத்து மடித்தேன்.

பத்து நாள் ஷெட் பக்கம் தலைகாட்டவில்லை. பதினோராம் நாள் போனேன். மன்னிப்பை எழுதி, அடித்து, திருத்தி, சட்டைப் பையில் வைத்திருந்தேன். முதல் வரியில் ஒரு சின்ன நகைச்சுவை இருந்தது, வாசலில் நின்று அதை அடித்தேன். பிறகு தாளையே கசக்கிவிட்டேன். சித்தப்பா பேன்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, குழாயைப் பிடித்துப் பஸ்ஸின் முகத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டு, கழுத்தோடு தோளையும் சேர்த்துத் திருப்பினார்.

“வாடா. மூணாவது ரவுண்டுல என்னை எதுக்குடா விழ வச்ச?”

சித்தப்பா, நான் வந்து, என்று ஆரம்பித்தேன். அவர் குழாயைக் கீழே போட்டார். தண்ணீர் என் செருப்பைச் சுற்றி ஓடியது.

“எட்டு சண்டை அப்படித்தான் ஆடினேன்னு சொன்னேன்ல. அதை நீ கணக்குலயே எடுத்துக்கல. கண்ணு தெரியலன்னா சும்மாவா நிப்பேன்? அவனை என் வலது பக்கத்துலயே வச்சுச் சுத்துவேன். அவனுக்கு நாலாவது ரவுண்டுக்கு மேல பொறுமை இல்லன்னு நீயே எழுதியிருக்க. அஞ்சாவதுல அவன்தான் தப்பு பண்ணுவான்.” ஈரக் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு இரண்டு முஷ்டியையும் தாடைக்கு உயர்த்தினார். தொப்பைக்குக் கீழே கால்கள் இரண்டும் சட்டென்று இடம் மாறி நின்றன. அந்தக் கால்களுக்கு மட்டும் வயதாகியிருக்கவில்லை. “நீதான் புல்டோசர். என் இடது பக்கமா வா. மெதுவா வராத, நிஜமா வா.”

வந்தேன். அவர் வலப்பக்கமாகச் சுற்றினார், நானும் சுற்றினேன். ஈரத் தரையில் அவர் கால் சற்றே வழுக்கி நிதானத்துக்கு வந்த ஒரு நொடியில் நான் அவருடைய இடப்பக்கமாக உள்ளே நுழைந்துவிட்டேன். அவருடைய காதோர நரைமுடியில் தண்ணீர் சொட்டுவது தெரிகிற தூரம். என் முஷ்டி அவர் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

அவர் நேராக, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு, கையைத் தாழ்த்தாமல் நின்றார்.

“எங்கடா, வந்துட்டியா?” என்றார்.

குழாய்த் தண்ணீர் எங்கள் இருவர் காலுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, உயர்த்திய கையோடு அங்கேயே நின்றேன்.