புட்டிக்கு மசியாதவள்

மகப்பேறு விடுப்பு முடிந்து அவள் மறுபடியும் பேருந்து ஓட்டப் போன அன்று வீடே போர்க்களமானது. கணவன் தையல்காரன். முன்னறையிலேயே மெஷின் என்பதால் குழந்தை அவன் பொறுப்பு. பால் எடுத்து வைத்துவிட்டுத்தான் போனாள். ஆனால் ஐந்து மாத மகளோ புட்டியைக் கண்டதும் உதட்டை இறுக்கிக்கொண்டாள். அவன் பாடினான், ஆடினான், நாய் போலக் குரைத்தும் பார்த்தான். பாச்சா பலிக்கவில்லை.

டிப்போவில் உதிரிபாக அறையில், டயர்களுக்கு நடுவே உட்கார்ந்து அவள் மறுநாளைக்கான பாலை எடுத்தாள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மெக்கானிக் அக்காதான் ஸ்பேனரோடு வெளியே காவல்.

"உள்ள ஆயில் மாத்துறாங்க, அப்புறம் வாங்க!" என்று வந்தவர்களை விரட்டினாள்.

"அவ புட்டியத் தொடவே மாட்டேங்கிறாக்கா. பேசாம பால் எடுக்கிறத நிறுத்திடலாமான்னு இருக்கு."

"பிடிவாதம் யாருகிட்டேருந்து வந்துச்சுன்னு கண்ணாடியப் பாரு. அவளா நீயான்னு பாத்துடு."

மூன்றாம் நாள் மதியம் வீட்டுக்குப் போன் செய்தாள். அழுகைச் சத்தமே இல்லை.

"என்னங்க, பாப்பா எங்க?"

"குடிக்கிறா. பேசாத, வை," என்று கிசுகிசுத்துவிட்டு அவன் துண்டித்தான்.

சாயந்திரம் ஓட்டமும் நடையுமாக வந்து கதவைத் திறந்தாள். அவளுடைய நீல யூனிஃபார்ம் சட்டைக்குள் கணவன் பிதுங்கிக்கொண்டிருந்தான். பொத்தான்கள் தெறிக்கிற நிலை. மகள் காலரைப் பிடித்துக்கொண்டு புட்டியை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"சிரிக்காத. நேத்து நீ அவுத்துப் போட்ட சட்டை. உன் வாசனைக்கு மயங்கிட்டா. எனக்குத்தான் மூச்சு முட்டுது."

அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. அம்மா குரல் கேட்டதும் மகள் புட்டியைத் துப்பிவிட்டுத் தாவினாள்.

"காரியம் ஆனதும் அப்பாவக் கழட்டி விட்டுட்டா பாரு!"

அவள் தரையிலேயே உட்கார்ந்து மகளை மார்போடு அணைத்துக்கொண்டாள். மூன்று நாளாக நெஞ்சில் இருந்த கனம் பாலோடு சேர்ந்து இறங்கியது. அவன் அவள் தலையைக் கோதிவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து வாயருகே நீட்டினான்.

அன்று இரவே சட்டையின் பக்கத் தையலைப் பிரித்து, இருவருக்கும் ஆகிறபடி அகலமாக்கினான். ஒரு வயது தாண்டியும் மகள் பால்குடியை விடவில்லை.

அகலமாக்கிய மறுநாளே அந்தத் தொளதொள சட்டையைப் பார்த்து மெக்கானிக் அக்கா கேட்டாள், "யார் சட்டைடி இது?"

"எங்க வீட்ல இன்னொரு அம்மா இருக்காருக்கா," என்று சொல்லிவிட்டு அவள் வண்டியில் ஏறினாள்.