கம்பா, காலா

விக்னேஸ்வரியின் புருசனும் தம்பியும் கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்தால் தேநீர் ஆறுவதற்குள் பேச்சு சண்டைக்கலைக்கு வந்துவிடும். புருசன் திருமாறன் சிலம்பக்காரன். பகாங் மாநிலத்துக்காகக் கம்பு சுற்றியவன். தம்பி மகேன் தானா ராத்தா மலையூரில் தோமோய் பழகுகிறவன். தாய்லாந்துக் குத்துச்சண்டையைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். அதில் முழங்கை, முழங்கால், கணைக்கால் எல்லாமே ஆயுதம்.

"கம்பு நீளத்துக்கு உன்னால கிட்டவே வர முடியாதுடா மச்சான்" என்பான் திருமாறன்.

"ஒரு தடவ உள்ள பூந்துட்டா கம்பு வெறும் வெறகுதான் மாமா" என்பான் மகேன்.

"ரெண்டு பேரையும் மலாய்ச் சண்டை சிலாட் வந்து கால வாரி விட்ரும்லா" என்று கடைக்காரர் ரிதுவான் ரொட்டி சானாய்த் தட்டை வைத்துவிட்டுப் போவார்.

பேச்சோடு நின்றிருந்தால் யாருக்கு என்ன குறை? எஸ்டேட் கோயில் திருவிழாவன்று லயத்து வரிசை வீட்டு ஆட்கள் விடவில்லை. ஒரு தடவை மோதித்தான் பாருங்களேன் என்று தூபம் போட்டார்கள். அடிபடப் போவது அடுத்தவன் எலும்பு என்றால் ஊருக்கு வேடிக்கை கசக்குமா? மண்டபத்து நாற்காலிகளை ஓரம் தள்ளினார்கள். புள்ளி சொல்லத் தெரிந்தவள் விக்னேஸ்வரி ஒருத்திதான். அவளும் ஒரு காலத்தில் கம்பு எடுத்து ஆடியவள். "புருசன் பக்கமா, தம்பி பக்கமா?" என்று கேலி செய்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சிரித்துக்கொண்டே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அவளும் திருமாறனும் பழகிய சிலம்பத்தில் கம்பு நுனியில் திருநீறு தடவுவார்கள். எதிராளியின் கறுப்புச் சட்டையில் வெள்ளை பட்டால் புள்ளி. பட்டதும் நடுவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே "நில்" என்பார். இருவரும் கம்பைத் தாழ்த்தி நிற்பார்கள்.

மகேனின் மார்பில் வெள்ளை பட்டது. விக்னேஸ்வரி "நில்" என்றாள். திருமாறன் கம்பைத் தாழ்த்தினான். சிறு வயதிலிருந்து உடம்பில் ஊறிய பழக்கம்; புள்ளி கேட்க அவள் பக்கம் திரும்பக்கூடச் செய்தான். அந்தக் கணத்தில் மகேனின் கால் அவன் காதோரத்தில் இறங்கியது. பின்மண்டை சிமெண்டுத் தரையில் மோதிய சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது.

இப்போது திருமாறன் லயத்து வீட்டில் கட்டிலோடு கிடக்கிறான். மலைக்குக் கீழே பெரிய மருத்துவமனையில் மண்டையைத் திறந்து, செய்ய முடிந்ததையெல்லாம் செய்துதான் அனுப்பினார்கள். கண் திறந்திருக்கும், பெண்டாட்டியைத் தெரியாது. தேறிவிடுவான் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் பிறகு வருவதையே நிறுத்திவிட்டார்கள். கடையில் மட்டும் வழக்கு தீரவில்லை. முதலில் தொட்டது சிலம்பம்தானே என்பார் ஒருவர். நிஜச் சண்டையில் தொட்டு என்ன ஆகப்போகிறது என்பார் இன்னொருவர். நாக்கில் நரம்பில்லாத ஜென்மங்கள்.

அவளை நடமாட வைத்திருந்தது தம்பி மேல் இருந்த கோபம்தான். கம்பைத் தாழ்த்தி நின்ற மனிதனை அடித்தவன் அவன். தினமும் மனசுக்குள் அவனைச் சபித்துக்கொண்டுதான் அவள் கஞ்சி வைத்தாள், துணி அலசினாள்.

ஒரு மத்தியானம் மகேன் வாசலில் வந்து நின்றான். பாதி உடம்பாகியிருந்தான்.

"நில்லுன்னு சொன்னேன்லடா. உன் காதுல விழலையா?"

"விழுந்துச்சுக்கா."

"அப்பறம் ஏண்டா?"

"எங்க ஆட்டத்துல வெளியேருந்து ஆயிரம் பேரு கத்துவாங்க. ஒண்ணையும் காதுல போட்டுக்கக் கூடாது. நிறுத்தணும்னா நடுவர் ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து நிப்பாரு. அவரு வர்ற வரைக்கும் அடிக்கணும்." அவன் அழுதான். "நீ எந்திரிச்சு வந்திருந்தா நான் நின்னுருப்பேன்க்கா. ஏங்கா வரல?"

குத்திக்காட்ட அவன் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டான். அதனால்தான் அது அவள் நெஞ்சில் அப்படி ஏறியது. அவன் அடித்ததும் கற்ற ஒழுங்கு, திருமாறன் நின்றதும் கற்ற ஒழுங்கு. எந்த ஒழுங்கில் ஆடப்போகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய நாற்காலியில் இருந்தவள் அவள்.

அவனை உள்ளே வரச் சொல்லிச் சோறு போட்டாள். அவன் தொடவில்லை. கோபம் இருந்தவரை பிடித்துக்கொள்ள அவளுக்கு ஏதோ ஒன்றாவது இருந்தது. இனி யாரைச் சபிப்பது? கட்டிலில் திருமாறனின் துணி நனைந்திருந்தது. மாற்றுவதற்கு எழுந்து போனாள்.