சீனப் பெருநாளைத் தள்ளிவைத்தவர்

“சீனாக்காரன்ட புத்தாண்ட ஒரு கிழமை தள்ளிவெச்ச ஆள் நான்தான்” என்று ஸைனுலாப்தீன் சொன்னபோது அவருடைய முகம் பாதி சவர்க்கார நுரையாகவும் பாதி மனிதராகவும் இருந்தது. சலூன்காரனின் கத்தி தொண்டைக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. நூற்று நாற்பது கோடிச் சனமும் கையில் பட்டாசைப் பிடித்துக்கொண்டு, வாயில் வைத்த சோற்றை விழுங்காமல், கல்முனையிலிருந்து ஒரு கிழவன் “சரி, கொளுத்துங்க” என்று சொல்லும்வரை காத்துக்கொண்டிருந்ததாக அவர் விவரித்தார். வாங்கில் குந்தியிருந்தவர்கள் வயிறு நோகச் சிரித்தார்கள். ஆனால் அது நம்பாத சிரிப்பு அல்ல. நோன்புப் பெருநாளைக்கு இன்னும் நாள் கிடக்க, அவருடைய மருமகன் நிப்றாஸின் கடைவாசலில் கொண்டெய்னர் லொறி வந்து வீதியை மறித்து நின்றதை ஊரே கண்ணால் கண்டிருந்தது. அஸ்ஹர் ஹாஜியாரின் பெரிய கடைக்கு வரவேண்டிய பிள்ளை உடுப்புகளோ இன்னும் சீனாவை விட்டே கிளம்பவில்லை. வேறு மூன்று கடைக்காரர்களுக்கு ஆன கதியும் அதுதான். எனவே ஸைனுலாப்தீன் ஏதோ செய்திருக்கிறார், சீனாவே கொஞ்சம் அசைந்துதான் இருக்கிறது என்று ஊர் முடிவுகட்டியது.

நம்பாத ஆள் ஒரே ஒருவர். அவரோடு நாற்பது வருடம் குடும்பம் நடத்திய பஸ்லியா. “நம்மட வீட்டுத் தண்ணி பில்ல ஒரு நாள் தள்ளிப் போட ஏலாத ஆள், சீனாட புத்தாண்டத் தள்ளிவெச்சயாம்! அதக் கேட்டுச் சிரிக்கிறதுக்கும் நாலு ஆக்கள் இரிக்காங்களே, என்ட றப்பே” என்று அரிசி புடைத்தபடியே சொன்னாள். அவளைக் குறைசொல்ல முடியாது. கொழும்புத் துறைமுகத்தில் பாரந்தூக்கியின் கொக்கியைப் பிடித்துத் தொங்கி, மதியத் தொழுகைப் பாங்குக்கு நேரே பள்ளிவாசல் முற்றத்தில் இறங்கிய கதையையும், ஒலுவிலில் மீன் வள்ளத்துக்குப் பின்னால் வந்த திமிங்கிலம் தனக்கு ஸலாம் சொன்ன கதையையும் கேட்டுக் கேட்டுக் காது தேய்ந்தவள் அவள். திமிங்கிலத்துக்கு நீங்கள் பதில் ஸலாம் சொன்னீர்களா என்று மட்டும் அவள் அப்போது கேட்டாள்.

ஸைனுலாப்தீன் கொழும்பில் வாப் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இறக்குமதிக்காரர்களுடைய சாமான்களைத் துறைமுகத்திலிருந்து மீட்டுக்கொடுப்பது அவருடைய வேலை. கப்பல் கொழும்பைத் தொட்ட பிறகு வரக்கூடிய அத்தனை தாமதத்துக்கும் அவரிடம் கைமருந்து இருந்தது. கப்பல் நடுக்கடலில் வரும்போதே சுங்கத்துக்குரிய கடதாசிகளைக் கொடுத்துவிடுவார். கடைக்காரனின் பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு மாதிரியும் மற்றதில் ஒரு மாதிரியும் எழுதப்பட்டிருந்தால் கொண்டெய்னர் வெயிலில் கிடந்து காயும் என்பதால், ஒவ்வோர் எழுத்தையும் நுளம்பு பிடிப்பதுபோலப் பிடித்துப் பார்ப்பார். நோன்பு காலத்தில் லொறி கிடைக்காது என்று, சாமான் வருவதற்கு முன்பே லொறிக்காரனை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டு வைப்பார். ஆகவே, நிப்றாஸ் கத்தார் வேலையை விட்டுவிட்டு வந்து கடை திறந்தபோது, “கப்பல் பக்கத்த நான் பாக்கன் மகன். நீங்க கடையத் துறந்து வெச்சிட்டு இரிங்க” என்று நெஞ்சில் தட்டினார். மகள் சிபானாவுக்கு அப்போது வாப்பாவை நினைத்துக் கண் கலங்கியது.

நவம்பரிலேயே ஓடர் கொடுப்போமா என்று நிப்றாஸ் கேட்டான். ஸைனுலாப்தீன் சிரித்தார். சாமான் முந்திவந்தால் துறைமுகத்தில் கிடந்து கூலி ஏறும், பொறு, பழம் பழுக்கும்போதுதான் பறிக்க வேண்டும் என்றார். அவருக்குத் தெரிந்த தாமதமெல்லாம் கப்பல் வந்த பிறகு தொடங்குகிற தாமதம். கப்பல் புறப்படுவதற்கு முன்னாலும் ஓர் உலகம் இருக்கிறது, அங்கே தையல் மெஷினுக்கு முன்னால் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு பெருநாள் இருக்கிறது, அதுவும் பிறையைப் பார்த்தே நகர்கிறது, இந்த வருடம் நமது நோன்பின் தலைப்பிறையும் அவர்களுடைய புத்தாண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு வருகின்றன என்பதெல்லாம் அவருடைய முப்பத்தைந்து வருட சேவையில் ஒருநாளும் அவர் மேசைக்கு வரவில்லை. ஜனவரியில் தையற்கூடத்துக்காரி லின் மேடம் போனில் முகம் காட்டி, இன்னும் சில நாளில் பூட்டப்போகிறேன், திறந்த பிறகு தைத்து அனுப்புகிறேன் என்றபோதுதான் அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். திறந்து, தைத்து, கப்பலேறி வருவதற்குள் பெருநாள் முடிந்துவிடும். பெருநாளைக்கு மறுநாள் வருகிற பெருநாள் உடுப்பு, கல்யாணத்துக்கு மறுநாள் வருகிற மாப்பிள்ளைக்குச் சமன். கடை திறந்த முதல் வருடமே கடையை மூடிவிட்டு நிப்றாஸ் மறுகா கத்தாருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

லின் மேடத்துக்கு இவர் மொழி தெரியாது, இவருக்கு அவள் மொழி தெரியாது. நடுவில் போனில் இருந்த ஒரு மொழிபெயர்ப்பு மெஷின் இரண்டு பக்கத்துக்கும் வாய்கொடுத்தது. அதன் தமிழ், செய்தி வாசிக்கிற பெண்பிள்ளையின் தமிழ்.

“என் பெண்கள் ரயில் சீட்டு எடுத்துவிட்டார்கள். வருடத்தில் ஒருமுறைதான் தங்கள் குழந்தைகளைப் பார்ப்பார்கள். மன்னிக்கவும்” என்றது மெஷின்.

அவர் கெஞ்சினார். கூடுதலாகக் கூலி தருகிறோம் என்று நிப்றாஸ் பக்கத்திலிருந்து சொன்னான். லின் மேடம் தலையை ஆட்டினாள். திரை அணையப் போகிற நேரத்தில், ஸைனுலாப்தீனின் நாக்கு, அறுபத்தேழு வருடமாக எவருடைய அனுமதியும் கேட்டிராத அந்த நாக்கு, தானாக எழும்பியது.

“இந்த உடுப்பெல்லாம் வாப்பா உம்மா இல்லாத புள்ளைகளுக்கு, மேடம். எங்கட கரைய கடல் வந்து அள்ளிற்றுப் போன.”

கடல் வந்தது உண்மைதான். அது வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. அது விட்டுவிட்டுப்போன பிள்ளைகளுக்கெல்லாம் இப்போது தாடியும், மோட்டார் சைக்கிளும், சொந்தமாகப் பிள்ளைகளும் இருந்தார்கள். லின் மேடம் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு மெஷின் கேட்டது: “எத்தனை பிள்ளைகள்?”

“கொண்டெய்னர் முழுக்க” என்றார் ஸைனுலாப்தீன்.

நிப்றாஸ் நிலத்தைப் பார்த்தான். அவரும் அதற்குப் பிறகு நிலத்தைத்தான் பார்த்தார். பஸ்லியாவின் ஒரே தங்கை அந்தக் கடலோடு போனவள். அவளுடைய பெயரை அவர் சொல்லவில்லைதான். ஆனாலும் அவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து சாட்சிக்கு நிறுத்திவிட்டு, வேலை முடிந்ததும் வாசலில் விட்டுவிட்டதுபோல அவருக்கு இருந்தது. அன்றைக்கு இரவு பஸ்லியா போட்டுக்கொடுத்த தேத்தண்ணியை, சீனி கூடிப்போயிற்று என்று சொல்லிக் குடிக்காமல் வைத்தார். சீனி அளவாகத்தான் இருந்தது.

லின் மேடத்தின் பெண்கள் போகவில்லை. ரயில்களை விட்டுவிட்டு இருந்து தைத்து, புத்தாண்டுக்கு முந்திய கடைசிக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். மறுபடி அந்தச் சீசனில் ரயில் சீட்டு கிடைக்காதாம். கொழும்பில் ஸைனுலாப்தீன் தன் கைமருந்தையெல்லாம் காட்டினார். கடதாசி முந்தியே போயிற்று, எழுத்தில் பிழை வரவில்லை, சோறு தின்ற லொறிக்காரன் நன்றி மறக்கவில்லை. சாமான் பிரித்த அன்று சிபானா ஒரு சட்டையின் பைக்குள் கையை விட்டு, சிவப்புத் துணியில் தைத்த விரலளவு மீன் ஒன்றை எடுத்தாள். அடுத்த சட்டையிலும் ஒரு மீன். எல்லாச் சட்டையிலும்.

“வாப்பா, இது ஓடர்ல இல்லயே! சும்மா தந்திரிக்காங்க” என்றாள் அவள்.

“கல்முனை ஆக்கள் மீன் தின்னிற எண்டு சீனா வரைக்கும் தெரிஞ்சிரிக்கி” என்றார் அவர். கடையே சிரித்தது. அவருக்கு மட்டும் உள்ளங்கையில் அந்த மீன் கொதித்தது. யாரோ ஒருத்தி, தன் பிள்ளைக்குக் கொண்டுபோக இருந்த நேரத்தில், வெட்டுத் துணியைப் பொறுக்கி, கடல் கொண்டுபோனவர்களின் பிள்ளைக்கென்று அதைத் தைத்திருக்கிறாள். அன்றைக்குத்தான் அவர் சலூனுக்குப் போனார். நெஞ்சுக்குள் கிடந்த சின்னப் பொய்யின் மேல் சீனா அளவு பெரிய பொய் ஒன்றைப் போட்டு மூடினால் வெளியே தெரியாது என்று ஒரு கணக்கு. சொல்லச் சொல்ல அது ருசித்ததையும் மறைக்க முடியாது. பெருநாள் நெருங்குவதற்குள் சீனாவின் ஜனாதிபதியே போனில் வந்து அவரிடம் திகதி கேட்டதாக, அவர் சொல்லாமலே, ஊர் சொன்னது.

பெருநாளன்று கடற்கரைத் திடலில் தொழுதுவிட்டு வரும் வழியெல்லாம் நிப்றாஸின் கடை உடுப்புகள் ஓடித் திரிந்தன. சிவப்பு மீன்களைக் கையில் வைத்துப் பிள்ளைகள் சண்டைபிடித்தார்கள். வீட்டில் பஸ்லியா பெருநாள் இனிப்பான வட்டிலப்பத் தட்டோடு நடுவறைக்கு வந்த அதே நேரம், மேசையில் கிடந்த போன் கத்தியது. லின் மேடம். அவர் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். நிப்றாஸின் மகள், பேத்தி முஸ்பிறா ஓடிவந்து பொத்தானை அழுத்திவிட்டாள்.

திரையில் லின் மேடமும், அவளுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பெண்களும், ஒருவர் தோளுக்கு மேலால் ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மெஷின் வீடு முழுக்கக் கேட்க வாசித்தது: “பெருநாள் வாழ்த்துகள். கடல் எடுத்துச்சென்ற பெற்றோரின் பிள்ளைகள் நலமா?”

பஸ்லியாவின் கையில் தட்டு அசையவில்லை. அவளும் அசையவில்லை.

லின் மேடம் ஒருத்தியை முன்னுக்கு இழுத்தாள். வட்ட முகம், வெட்கச் சிரிப்பு. “மீன் செய்தவர் இவர். இந்த வருடம் தன் மகனைப் பார்க்கவில்லை. இவருக்கு ஒரு பிள்ளையைக் காட்டுங்கள்.”

முஸ்பிறா புதுச் சட்டையை இரண்டு பக்கமும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். அந்தப் பக்கம் பெண்களெல்லாம் ஒரே மூச்சில் ஏதோ சொல்லிக் கைதட்டினார்கள். மீன் செய்தவள் திரையைத் தொட்டாள். சத்தம் கேட்டு நிப்றாஸ் உள்ளே வர, பிள்ளை பாய்ந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தாடியில் முகத்தைத் தேய்த்தாள். போனைக் கண்டதும் நிப்றாஸ் மரமாகிவிட்டான்.

“இவர் யார்?” என்றது மெஷின்.

“சாச்சா எண்டு சொல்லுங்க மாமா” என்று நிப்றாஸ் உதடு அசையாமல் சொன்னான். “சாச்சா எண்டுங்க.”

திமிங்கிலத்தை ஸலாம் சொல்ல வைத்த வாய் அது. ஒரு சாச்சாவை, பிள்ளைக்கு ஒரு சித்தப்பாவை, படைப்பது அதற்குப் பெரிய வேலையா? ஸைனுலாப்தீன் வாயைத் திறந்தார். மீன் செய்தவள் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பின்னால் பஸ்லியா மூச்சுவிடுவது கேட்டது.

“அவட வாப்பா” என்றார்.

மெஷின் அதை அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோனது. கைதட்டல் நின்றது. லின் மேடம் மெல்ல ஏதோ சொன்னாள். “பிள்ளைக்கு அப்பா இருக்கிறார். நல்லது” என்றது மெஷின். அதற்கு எல்லாவற்றுக்கும் ஒரே குரல்தான். அது கோபமா, ஆறுதலா, காறித் துப்பலா என்று அதில் கண்டுபிடிக்க வழியில்லை. பிறகு, “மற்றப் பிள்ளைகளுக்கும் இருக்கிறார்களா?”

“ஓம்” என்றார். போனுக்குக் கிட்டக் குனிந்து மறுபடி சொன்னார். “ஓம். இரிக்காங்க.”

லின் மேடம் திரும்பித் தன் ஆட்களிடம் சொன்னாள். மெஷினுக்கு அது எட்டவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். மீன் செய்தவள் கடைசியாகப் போனாள். முஸ்பிறா கையசைத்ததற்கு அவளும் கையசைத்துவிட்டு, தூரத்தில் தன் தையல் மெஷினுக்கு முன்னால் குந்தி, முதுகைக் காட்டி, விளக்கைப் போட்டாள். அதோடு திரை கறுத்தது.

ஸைனுலாப்தீன் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. தன் தங்கையைப் பற்றி பஸ்லியா ஒரு சொல் கேட்டாலும் போதும், அந்த இடத்திலேயே உப்பாகக் கரைந்துவிடலாம் போலிருந்தது. அவள் கேட்கவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கத்தி எடுக்கப் போனாள்.

வாசலில் செருப்புகள் கழன்றன. அஸ்ஹர் ஹாஜியார் இரண்டு மூன்று பேரோடு முஸாபஹா செய்ய வந்திருந்தார். கைகொடுத்து, மார்போடு அணைத்து, உட்கார முதலே தொடங்கிவிட்டார். “சொல்லுங்க காக்கா, அந்தச் சீனாக் கதைய. இவங்க அக்கரைப்பற்றுல இரிந்து அதக் கேக்கத்தான் வந்திரிக்காங்க. ரகசியத்த எனக்கும் கொஞ்சம் தாங்க, வாற வருஷம் நானும் தப்புவன்.”

“அது பொய் ஹாஜியார்” என்றார் ஸைனுலாப்தீன். “சும்மா அடிச்ச.”

ஹாஜியார் தொடையில் அடித்துச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். “பாத்தீங்களா, ரகசியத்த விடமாட்டார்!”

“அல்லாஹ்வுக்காகச் சொல்றன், ஒண்டும் நடக்கல்ல. நான் ஒண்டும் தள்ளிவெக்கல்ல.” அவருடைய குரல் உடைந்தது. அவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

பஸ்லியா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, வட்டிலப்பத்தை வெட்டி ஒவ்வொரு பீங்கானாக வைத்துக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமல், தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

“பொய்யில்ல ஹாஜியார். அவர் சொன்ன மாதிரியேதான் நடந்த. சீனாவில அந்தத் தைக்கிற புள்ளையளுக்கு இந்த வருஷம் பெருநாள் வரல்ல. நான் இப்பதான் கண்ணால கண்ட.”