எரிவுக்கு ஒரு காரணம்

சவப்பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் தலையைத் தூக்கி இரண்டாவது தலையணையைச் சொருகப்போன ஜோசப்பினின் கையை மக்டலின் மாமி பிடித்துக்கொண்டாள்.

"என்னகா செய்யிறாய்? மூடி பூட்டேலாமப் போயிரும்."

"மட்டமாப் படுத்தா மேல வந்திரும் மாமி."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. மாமி இரண்டு தலையணைகளையும் உருவி எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

அப்பா யாக்கோப்பு படுத்து உறங்கிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. சாய்மனைக் கதிரைதான் அவருக்குக் கட்டில். சற்றுச் சரிந்தாலும் தின்ற கஞ்சி புளித்த நீராய்த் தொண்டைக்கு ஏறிவிடும். விடியும்வரை இருமுவார். நல்ல கணீரென்ற குரல் அவருக்கு. அதுவும் போய்ச் சில வருஷமாகக் கரகரப்புத்தான் மிச்சம்.

ஊருக்கு அவர் பழைய பஸ் சாரதி. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் வாகரையிலிருந்து ஓடி வந்து தன்னாமுனையில் குடியேறியபோது அப்படித்தான் சொல்லி வைத்தார்கள். உண்மையில் அவர் ஓட்டியது அரசாங்கத்து ஆமி லொறி. சண்டை மூளுவதற்கு வெகுகாலம் முன்பே, வேலை என்று போய்ச் சேர்ந்தவர். எண்பத்துநாலில் லொறி பள்ளத்தில் புரண்டு முள்ளந்தண்டு நொறுங்கியது. வீட்டுக்கு அனுப்பினார்கள். நோவுக்கு அவர்கள் கொடுத்த குளிசைகளை வருஷக்கணக்காய் விழுங்கி விழுங்கி வயிறு வெந்துபோயிற்று.

முதுகுக்கு ஊனக் கொடுப்பனவு கிடைத்தது. வயிற்றுக்குக் கேட்டபோது இல்லையென்றார்கள். மேன்முறையீடு செய்தார். கொழும்பில் மருத்துவச் சபை கூப்பிட்டது. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி ஏறி, ஜோசப்பின்தான் கூட்டிப்போனாள். பெரிய மேசைக்குப் பின்னாலிருந்த டொக்டர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அப்பாவும் சிங்களத்திலேயே பதில் சொன்னார். வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு விளங்கப்படுத்தினார்.

"காரம் நல்லாச் சாப்பிடுவியா எண்டு கேட்டான். இளந்தாரியா இருக்கக்குள்ள சாப்பிட்டன் சேர் எண்டன்."

அந்த ஒரு பதில் போதுமாயிருந்தது. உணவுப் பழக்கத்தால் வந்த நோய் என்று தீர்ப்பு. மறுபடி மேன்முறையீடு, மறுபடி அதே தீர்ப்பு. மூன்றாவதற்கும் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"விடுங்கப்பா," என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். "அவங்க தாற காசு பஸ்ஸுக்கும் காணாது."

"காசுக்கில்ல மகள். முதுகு அவங்கட வேலையாலதான் போச்செண்டு ஒத்துக்கொண்டாங்க. வயித்துக்கு மட்டும் எண்ட நாக்குத்தான் காரணமெண்டு எழுதி வச்சிருக்காங்க."

அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. புளியந்தீவு அரசாங்கக் கச்சேரி அலுவலக வரிசைகளில் நின்று நின்று கால்களுக்கும் அலுத்துவிட்டது. யாராவது தெரிந்தவர்கள் கண்டு, எதற்கு வந்தாய் என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு.

பாதை மூடியிருந்ததால் நேற்று வரமுடியாமற்போன திடீர் மரண விசாரணை அதிகாரி வினாயகமூர்த்தி, வேர்க்க விறுவிறுக்கச் சைக்கிளில் வந்து இறங்கினார். பந்தலில் கதிரை போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் பேனையைத் திறந்தார்.

"என்ன நடந்த பிள்ளை?"

"நேத்து மத்தியானம் கஞ்சி குடிச்சவர். பிறகு நெஞ்சு எரியுது எண்டார்."

"நோகுது எண்டு சொல்லல்லையா?"

"எரியுது எண்டுதான் சொன்னார். எப்பவும் சொல்றதுதானே." அவள் பந்தற்காலைப் பார்த்தாள். "வெள்ளைப் பாணி மருந்து குடுத்தன். சாஞ்சிருங்க அப்பா எண்டிட்டுத் தண்ணி அள்ளப் போனன்."

வினாயகமூர்த்தி தலை நிமிரவில்லை.

"வேற என்ன நோய் வருத்தம் இருந்த?"

மாமி முந்திக்கொண்டாள். "வயித்தெரிவுதான் ஐயா. எங்கட அண்ணன் காரம் கூடச் சாப்பிடுறவர். சொன்னாக் கேக்க மாட்டார்."

வினாயகமூர்த்தி எழுதத் தொடங்கினார்.

"இல்ல," என்றாள் ஜோசப்பின்.

மாமி அவள் முழங்கையைக் கிள்ளினாள். பந்தலின் ஓரத்தில் கனகசிங்கம் இருந்தார். அடுத்த வளவுக்காரர், மூத்த மகன் ஆமியோடு சண்டைபிடிக்க இயக்கத்துக்குப் போய்த் திரும்பி வராதவன். அவருக்குப் பின்னால் நாலைந்து இளந்தாரிகள். அவர்களில் யார் எங்கே போய் என்ன சொல்வார்கள் என்று யாருக்குத் தெரியும்?

"அப்பாட வயித்தெரிவு காரத்தால வந்ததில்ல ஐயா. அவர் ஆமியில லொறி ஓடினவர். லொறி புரண்டு முதுகு உடைஞ்ச. அதுக்கு அவங்க குடுத்த குளிசைதான் வயித்தத் திண்ட."

வினாயகமூர்த்தி கதிரையை அவள் பக்கமாய் இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, இத எழுதத்தான் வேணுமா? மாரடைப்பு எண்டு போட்டாப் போதும்."

"மாரடைப்பு எண்டே போடுங்க. அதுக்குக் கீழ இதையும் எழுதுங்க."

அவர் அவளையே பார்த்தார். பிறகு குனிந்து, அவள் சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே எழுதினார், வாசித்துக் காட்டினார், கையொப்பம் வாங்கினார். சைக்கிளில் ஏறும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

மூடி பூட்டி ஆணி இறுக்கியாயிற்று. வேதக்கோயிலில் பங்குச் சுவாமியார் காத்திருந்தார். காலையில் தோள் கொடுக்க வந்த இளந்தாரிகளைக் காணவில்லை. பெட்டி செய்த ஆசாரியும் அவர் தம்பியும் மட்டும் கால்மாட்டில் நின்றார்கள். மாமி வாயில் சேலைத் தலைப்பை வைத்து அழுத்திக்கொண்டு, "பார்த்தியாகா," என்றாள்.

ஜோசப்பின் தலைமாட்டுக்குப் போய் ஒரு மூலையைப் பிடித்தாள். பெண்கள் பெட்டி தூக்குவதில்லை என்று சொல்லவும் அங்கே ஆளில்லை.

கனகசிங்கம் எழுந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மற்ற மூலைக்குக் கீழே கையைக் கொடுத்தார்.

"தூக்குங்க," என்றார்.

பெட்டி அவள் நினைத்ததைவிடப் பாரமாயிருந்தது. கனகசிங்கம் நெடிய மனிதர். தூக்கியதும் பாரம் முழுவதும் அவள் பக்கம் சரிந்தது. அவர் நின்று, முழங்காலை மடக்கி, அவள் உயரத்துக்குத் தோளை இறக்கிக்கொண்டார். கோயில் வரைக்கும் அந்த மணல் பாதையில் அப்படியே கூனி நடந்தார்.